அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பாய்லர் ஃபிட்டரின் மடல்



போன வருடம் என் பேத்தி படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. போயிருந்தேன். தெர்மாகோல் ராக்கெட் நான்கு, சந்திரயான் மூன்று, எரிமலை ஒன்று. (எரிமலை இல்லாத கண்காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.) ஒரு மூலையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விண்வெளி நிலையங்கள் என்று சார்ட் ஒட்டிவைத்திருந்தான். "சல்யூட் 1, 1971, உலகின் முதல் விண்வெளி நிலையம், சோவியத் ஒன்றியம்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "அதுல போய் இருந்தவங்க என்ன ஆனாங்க தம்பி?" என்று கேட்டேன். அவன் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கேள்வியில வராதுங்க சார்" என்றார்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று தொடங்கத்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தவன் இல்லை. சாயப்பட்டறைகளில் முப்பத்தொரு வருடம் பாய்லர் ஃபிட்டராக இருந்தவன். வால்வு, கேஸ்கட், கிளாண்டு பேக்கிங், இவைதான் என் படிப்பு. விண்வெளிக்கும் எனக்கும் தொடர்பு வந்தது நோட்டு அட்டையால். சிறுவயதில் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழுவழு தாளைத்தான் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். உங்களில் வயதானவர்களுக்கு அந்தத் தாளின் வாசனைகூட ஞாபகம் இருக்கும். என் கணக்கு நோட்டின் மேல் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு வராத நேரத்தில் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் இறந்துபோனவர்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எப்படி இறந்தார்கள் என்பது தெரிந்தபோது நான் ஃபிட்டர் ஆகியிருந்தேன். காரணம் ஒரு வால்வு.

நீங்கள் 'முதல் விண்வெளி நிலையம்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் சல்யூட் 1, அவசரத்தில் பிறந்தது. நிலாவுக்கு அமெரிக்கா முந்திவிட்டது. ஏதாவது ஒன்றில் நாம் முந்த வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. செலொமெய் என்ற வடிவமைப்பாளரின் குழு ராணுவத்துக்காக 'அல்மாஸ்' என்ற நிலையத்தின் உடற்கூட்டைச் செய்து வைத்திருந்தது. அதை வாங்கி, சோயூஸ் கலத்தின் கருவிகளை அதில் பொருத்தி, ஒன்றரை வருடத்துக்குள் மேலே அனுப்பிவிட்டார்கள். 1971 ஏப்ரல் 19. எடை ஏறக்குறைய பதினெட்டு டன். அதற்கு முதலில் வைத்த பெயர் 'ஸார்யா', விடியல். கடைசி நேரத்தில் பெயரை மாற்றினார்கள், ஆனால் பக்கவாட்டில் பெயின்ட் அடித்த எழுத்து அப்படியே போய்விட்டது. உலகின் முதல் விண்வெளி நிலையம் வேறொரு பெயரை எழுதிக்கொண்டு பூமியைச் சுற்றியது. இதைச் சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளை மறக்கும்?

முதலில் போன சோயூஸ் 10 குழு, நிலையத்தைத் தொட்டது. ஆனால் பூட்டு முழுதாக விழவில்லை. கதவுவரை போய்த் திரும்பி வந்தார்கள். அடுத்து சோயூஸ் 11. போக வேண்டியவர்கள் லியோனவ், குபாசவ், கலோதின். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது குபாசவின் நுரையீரல் எக்ஸ்ரேயில் ஒரு நிழல். காசநோயோ என்று பயந்து மூவரையும் நிறுத்திவிட்டு, மாற்றுக்குழுவை ஏற்றினார்கள். அது வெறும் ஒவ்வாமை என்று பிறகு தெரிந்தது. ஏறிப்போனவர்கள் தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பாட்சயேவ். வயது 43, 35, 37. என் நோட்டு அட்டைக்காரர்கள்.

இருபத்துமூன்று நாள் அங்கே இருந்தார்கள். அதுவரை யாரும் அவ்வளவு நாள் விண்வெளியில் இருந்ததில்லை. சின்னத் தோட்டப்பெட்டியில் செடி வளர்த்தார்கள், தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்த்தார்கள். பாட்சயேவுக்கு அங்கேயே 38 வயது முடிந்தது. விண்வெளியில் பிறந்தநாள் கொண்டாடிய முதல் ஆள் அவர். ஒருநாள் ஒயர் கருகும் வாசனை வந்து, இறங்கிப்போய்விடலாமா என்று சோயூஸுக்குள் ஓடி, பிறகு சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சோவியத் மக்கள் தினமும் அவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். வீட்டுப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்கள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

திரும்பும்போது, கதவு மூடியும் 'திறந்திருக்கிறது' என்ற விளக்கு அணையவில்லை. திறந்து மூடினார்கள், மறுபடி திறந்து மூடினார்கள். கடைசியில் உணர்கருவியின் மேல் ஒரு டேப் துண்டை ஒட்டியதும் விளக்கு அணைந்தது. கதவு உண்மையில் சரியாகத்தான் மூடியிருந்தது. ஆபத்து இருந்த இடம் வேறு. தரைக்கு நாலைந்து கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கென்று ஒரு வால்வு. கலத்தின் பாகங்கள் பிரியும்போது வெடிபோல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த உதறலில் வால்வு திறந்துகொண்டது. உயரம் 168 கிலோமீட்டர். உள்ளே இருந்த காற்று வெளியே பாய்ந்தது.

அந்த வால்வைக் கையால் சுற்றியும் மூடலாம். முழுதாக மூட ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். மனிதன் நினைவோடு இருக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. அழுத்த உடை அவர்களிடம் கிடையாது. மூன்று பேரை ஏற்றினால் உடைக்கு இடமில்லை, உடை போட்டால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பிறகு பார்த்தபோது வால்வு பாதி மூடியிருந்தது.

பாதி மூடியிருந்தது, ஆசிரியர்களே. நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தச் சக்கரத்தை நானும் சுற்றியிருக்கிறேன். ஒரு பட்டறையில், இரவு ஷிஃப்ட், நீராவி லைனில் கிளாண்டு பேக்கிங் பிய்த்துக்கொண்டு சீறியது. மெயின் வால்வை மூட ஓடினேன். பதினான்கு சுற்று. எண்ணிக்கொண்டே சுற்றினேன், எண்ணாவிட்டால் கை நின்றுவிடும் என்று தோன்றியது. ஏழாவது சுற்றில் கண் தெரியவில்லை. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. முந்தின ஷிஃப்ட் ஆள் லாக் புக்கில் "லேசான கசிவு" என்று எழுதித்தான் வைத்திருந்தார். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்.

சோயூஸ் 11 பாராசூட்டில் அழகாக இறங்கியது. 1971 ஜூன் 30, கஜகஸ்தான் சமவெளி. ஹெலிகாப்டரில் வந்தவர்கள் கலத்தின் பக்கவாட்டில் தட்டினார்கள். பதில் இல்லை. திறந்தார்கள். மூவரும் இருக்கையில் தூங்குவதுபோல இருந்தார்கள், உடம்பில் சூடு இருந்தது. நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதிப் பார்த்தார்கள். பயனில்லை. இன்றுவரை பூமியின் காற்றுமண்டலத்துக்கு வெளியே உயிரிழந்த மனிதர்கள் அந்த மூவர்தான்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விண்வெளி வீரன் என்றால் கையசைத்துக்கொண்டு ஏறுபவன், மாலையோடு இறங்குபவன் என்று மட்டும் சொல்லிவளர்த்த பிள்ளைதான் முதல் தோல்வியில் ஓடிப்போகும். நடந்ததைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். இருபத்தேழு மாதம் ஒரு ஆளையும் அனுப்பாமல் கலத்தைத் திருத்தினார்கள். மூன்று இருக்கையை இரண்டாக்கினார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை கட்டாயம் என்றானது. இன்று யார் சோயூஸில் போனாலும் போட்டுக்கொள்ளும் 'சோகல்' உடை அந்த மூவரின் சாவிலிருந்து வந்தது. அழுத்தம், கனஅளவு, வெற்றிடம், எல்லாம் உங்கள் பாடத்தில் இருப்பவைதானே. பாயில் விதியை பலூன் வைத்துச் சொல்வதைவிட இதை வைத்துச் சொன்னால் நிற்காதா?

அடுத்து அமெரிக்காவின் ஸ்கைலாப். எங்கள் தலைமுறைக்கு அது விழுந்த நிலையம் மட்டும்தான். 1979 ஜூலையில் எங்கள் தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வாங்கிய கடனைக் கேட்டு வந்தவரிடம் "ஸ்கைலாப் விழட்டும், தர்றேன்" என்று சொன்ன ஆளை எனக்குத் தெரியும். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. எஸ்பெரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. இது நல்ல கதை, சொல்லுங்கள். ஆனால் அது விழுந்ததைவிட, எழுந்து நின்ற கதை பெரியது.

1973 மே 14 அன்று ஏவிய 63ஆவது நொடியில் அதன் வெளிக்கவசத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. போகும்போது ஒரு சூரியத் தகட்டையும் இழுத்துக்கொண்டு போய், இன்னொன்றைத் திறக்கவிடாமல் சிக்கவைத்தது. மின்சாரம் இல்லை, நிழலும் இல்லை. உள்ளே 50 டிகிரிக்கு மேல் வெப்பம். எங்கள் பாய்லர் ரூம் சூடு. பத்து நாளில் கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குடை செய்தார்கள். மீன்பிடித் தூண்டில் கம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நீளும் கம்பிகளில் துணியைக் கட்டி, சின்னத் துவாரம் வழியாக வெளியே தள்ளி விரிக்கும் குடை. மே 25இல் போன கான்ராட், கெர்வின், வைட்ஸ் அதை விரித்தார்கள். சூடு இறங்கியது. ஜூன் 7இல் கான்ராடும் கெர்வினும் வெளியே போய், நீளக் கம்பு முனையில் கட்டிய கத்தரியால், தகட்டைப் பிடித்திருந்த ஓர் அலுமினியப் பட்டையை வெட்டினார்கள். பிறகு கயிறு போட்டு இழுத்ததில் தகடு திடுமென்று விடுபட்டு இருவரையும் வீசியெறிந்தது. கட்டியிருந்த கயிறுதான் காப்பாற்றியது. ஒரு சின்னப் பட்டைதான் அந்தப் பெரிய நிலையத்தையே பிடித்து வைத்திருந்தது. மெயின்டனன்ஸில் இருந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அந்த நிலையத்தின் கடைசிக் குழு 84 நாள் இருந்தது. கார், கிப்சன், போக். இவர்கள் 'விண்வெளியில் வேலைநிறுத்தம்' செய்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. சில ஆசிரியர்கள் வகுப்பிலும் சொல்வதாகக் கேள்வி. சங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அது உண்மையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்படி நடக்கவில்லை. நடந்தது இதுதான்: தரையிலிருந்தவர்கள் முந்தைய குழுவின் வேகத்தை வைத்து வேலை அட்டவணை போட்டார்கள். புதியவர்களுக்குச் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் நேரமில்லை, பின்தங்கினார்கள், தப்பு செய்தார்கள், எரிச்சலானார்கள். 1973 டிசம்பர் 30 அன்று தரையோடு மனம்விட்டுப் பேசினார்கள். சில்லறை வேலைகளுக்கு நேரம் குறிக்காமல், முடியும்போது செய்யுங்கள் என்று தரை விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. பொய்க்கதையைவிட இது பிள்ளைகளுக்கு உதவும். உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். உங்கள் தலையில் கட்டும் பதிவேடுகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியாததல்ல.

சோவியத் பக்கத்தில் அதே காலத்தில் மூன்று நிலையங்கள் வரிசையாக வீணாயின. 1972இல் ஒன்று சுற்றுப்பாதைக்கே போகவில்லை. 1973இல் சல்யூட் 2 காற்றிழந்து போனது. ஒரே மாதம் கழித்து இன்னொன்று, எரிபொருளை எல்லாம் ஆரம்பத்திலேயே வீணடித்துவிட்டுச் செயலிழந்தது. அதற்கு சல்யூட் எண்கூடக் கொடுக்காமல் 'காஸ்மாஸ் 557' என்று பொதுப்பெயர் வைத்து மறைத்தார்கள். அவமானத்தை எண்ணிக்கையில் ஒளித்துவைப்பது எல்லா ஊர் வழக்கமும்தான்.

1977இல் போன சல்யூட் 6இல் ஒரு மாற்றம். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. கொல்லைப்புற வாசல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கும்போதே, பின்வாசலில் சாமான் வண்டி வரலாம். 1978 ஜனவரியில் 'புரோக்ரெஸ்' என்ற ஆளில்லாச் சரக்குக்கலம் வந்து உணவும் எரிபொருளும் இறக்கியது. அதுவரை கொண்டுபோன கட்டுச்சோறு தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு இன்னும் நீண்ட நாள் குடியிருக்க முடிந்தது. அந்த இரண்டாவது கதவை நீங்கள் கரும்பலகையில் ஒரே ஒரு கோட்டில் வரைந்து காட்டிவிடலாம்.

இப்போது நம் ஆள். ராகேஷ் சர்மாவைத் தெரியாத பிள்ளை இல்லை. இந்திரா காந்தி கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் எந்த வீட்டில் நின்றுகொண்டு அந்தப் பதிலைச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். அது சல்யூட் 7. 1984 ஏப்ரலில் மாலிஷெவ், ஸ்திரெகாலவ் இருவரோடு அங்கே போய்ச் சேர்ந்து, எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவான பயணத்தில் திரும்பினார்.

அவர் வந்த பத்தாவது மாதம், 1985 பிப்ரவரியில், அந்த வீடு செத்துப்போனது. அப்போது உள்ளே ஆளில்லை. தொடர்பு இல்லை, மின்சாரம் இல்லை. ஜூன் 6 அன்று ஜானிபெகவும் சவினிகும் கிளம்பினார்கள். செத்த நிலையம் எந்தச் சைகையும் தராது, தானாக இணைய முடியாது. ஜானிபெகவ் கையாலேயே ஓட்டிப்போய்ப் பூட்டினார். உள்ளே கும்மிருட்டு. சுவரில் பனி. எச்சில் துப்பிப் பார்த்தார்கள், உறைந்தது. தண்ணீர் எல்லாம் கட்டி. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்தார்கள். கையுறையோடு ஒயரை முறுக்க முடியாது; என்னைப் போன்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்கலங்களை நேரடியாகச் சூரியத் தகடுகளோடு இணைத்தார்கள். தங்கள் கலத்தின் உந்திகளை வைத்தே நிலையத்தைச் சூரியன் பக்கம் திருப்பினார்கள். மெல்ல மெல்லச் சார்ஜ் ஏறியது. விளக்கு எரிந்தது.

ஏன் செத்தது தெரியுமா? மின்கலம் நிறைந்துவிட்டது என்று ஓர் உணர்கருவி பொய் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நம்பி சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. மாடித் தொட்டியில் மிதவை சிக்கிக்கொண்டு, தொட்டி காலியாக இருக்கும்போதே மோட்டார் நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். உங்கள் பள்ளியிலேயே நடந்திருக்கும்.

மறுவருடம் மார்ச்சில் கிஸிமும் சலவியோவும் புதிய மிர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சல்யூட் 7க்குப் போய், சாமான்களை எடுத்துக்கொண்டு மறுபடி மிருக்கே திரும்பினார்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாற்றியது மாதிரி.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? 2035க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம் என்று அரசு சொல்லியிருக்கிறது. முதல் பகுதி 2028இல். 2025 ஜனவரி 16இல் நம்முடைய இரண்டு கலங்கள் விண்வெளியில் இணைந்தன. அதற்கு முன் இரண்டு முறை தேதி தள்ளிப்போனதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். மனிதரை ஏற்றும் ராக்கெட்டுக்கான எஞ்சின்களை நம் மகேந்திரகிரியில்தான் எரித்துச் சோதிக்கிறார்கள். 2035இல் அந்த நிலையத்தின் வால்வுக்குப் பொறுப்பாக இருக்கப்போகிறவர் இன்று உங்கள் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், சார்ட் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 'சல்யூட் 1, 1971' மட்டும் போதுமா?

ஆகவே என் வேண்டுகோள். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, அது உங்கள் கையிலும் இல்லை. வருடத்துக்கு ஒரு பீரியட் கொடுங்கள். ஜூன் மாதக் கடைசியில், பள்ளி திறந்து பிள்ளைகள் நிலைகொண்டிருக்கும் நேரத்தில், அந்த மூவர் இறந்த நாளையொட்டி ஒரு பீரியட். அன்று ஆண்டு கேட்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள். எது பழுதானது, யார் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை, எதை வைத்துச் சரிசெய்தார்கள் என்று மட்டும் பேசவிடுங்கள். கண்காட்சியில் நான்கு ராக்கெட் வைத்தால் ஒன்றாவது உடைந்த ராக்கெட்டாக இருக்கட்டும், ஏன் உடைந்தது என்று பக்கத்தில் பிள்ளையே எழுதட்டும். மதிப்பெண் அதற்கும் போடுங்கள்.

பவானிக்கு அக்கம்பக்கத்துப் பள்ளி என்றால் நானே வருகிறேன். நான் அன்றிரவு மூடிய அந்த வால்வு, பட்டறை மூடியபோது காயலான் கடைக்குப் போனது. எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். மேசையில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றச் சொல்லலாம், நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடியில் நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை சுற்று ஆனது என்று அவர்களே எண்ணட்டும். வால்வு கனமானது, பஸ்ஸில் தூக்கி வர என்னால் முடியாது. யாராவது ஒருவரை டூவீலரோடு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் ஃபிட்டர் ஒருவர்,
பவானி.